தோட்டத்துத் தாய்மார்களின் தீராத அடிவயிற்று வலி

பொழுது விடிவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் ஜீப்புகள் நிரம்பிவிடுகின்றன. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு செக்போஸ்ட்டுகளைத் தாண்டி இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குப் போகும் இந்த வண்டிகளில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கையில் தூக்குவாளி, தலையில் துண்டு, குளிருக்கு ஆண்பிள்ளைச் சட்டை. மலை ஏறி, காய் எடுத்து, இருட்டுவதற்குள் இறங்கி வீடு சேர வேண்டும். மறுநாளும் அதேபோல.

இந்தக் கூட்டத்தில் மாதம் தவறாமல் இரண்டு மூன்று நாட்கள் மட்டும் வராமல் நின்றுவிடும் பெண் ஒருத்தி இருப்பாள். "அவளுக்கு எப்பவும் வயித்து வலிதான்" என்று மற்றவர்கள் சொல்லிவிட்டு வண்டியை எடுக்கச் சொல்வார்கள். கங்காணி அவளைச் சோம்பேறி என்று எழுதிக்கொள்வார். மாமியார் வேறு பெயர் வைப்பார். புருஷன் இரண்டு நாள் கூலி போயிற்றே என்று கணக்குப் பார்ப்பார். அவளுக்கு என்ன நோய் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மாத விலக்கு என்றால் வலி இருக்கத்தானே செய்யும், எந்தப் பெண்ணுக்கு இல்லை என்பதுதான் எல்லாருடைய பதிலும்.

அந்தப் பதில் எல்லாருக்கும் பொருந்தாது. மாத விலக்கின்போது முதல் நாள் கொஞ்சம் வலிப்பது சகஜம். வெந்நீர் ஒத்தடமோ, ஒரு மாத்திரையோ போதும், வேலைக்குப் போய்விடலாம். ஆனால் தரையில் சுருண்டு படுக்க வைக்கிற வலி, வாந்தி எடுக்க வைக்கிற வலி, மாத்திரைக்கு அடங்காத வலி, வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிற வலி சகஜமானதல்ல. அதற்குப் பின்னால் ஒரு நோய் இருக்கக்கூடும். அப்படி அடிக்கடி காணப்படும் நோய்களில் ஒன்றுக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் விஷயம் எளிதாகப் புரியக்கூடியதுதான்.

கர்ப்பப்பையின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. மாதாமாதம் இது தடித்து, கரு தங்காவிட்டால் கரைந்து உதிரமாக வெளியேறுகிறது. இதே மாதிரியான சவ்வு சில பெண்களுக்குக் கர்ப்பப்பைக்கு வெளியிலும் முளைத்துவிடுகிறது. சினைப்பையின் மேல், கருக்குழாயின் மேல், கர்ப்பப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவில், சிலருக்கு மூத்திரப்பையின் மேலும் குடலின் மேலும் கூட. உள்ளே இருக்கும் சவ்வைப் போலவே இதுவும் மாதாமாதம் தடித்து உதிரம் கசிகிறது. உள்ளே இருப்பதற்கு வெளியேற வழி உண்டு, இதற்கு இல்லை. கசிந்தது அங்கேயே தேங்கி, சுற்றியுள்ள சதையைப் புண்ணாக்கி, நாளடைவில் தழும்பு விழுந்து ஒரு உறுப்பை இன்னொன்றோடு ஒட்டவைத்துவிடுகிறது. சினைப்பையில் தேங்கினால் பழைய ரத்தம் நிறைந்த கட்டியாகிறது. அதன் நிறத்தைப் பார்த்து டாக்டர்கள் அதைச் சாக்லேட் கட்டி என்கிறார்கள். இவ்வளவு பொல்லாத நோய்க்கு மிட்டாய்ப் பெயர் வைத்தவர் யாரோ!

நோய் புதிதல்ல. 1860-ம் ஆண்டிலேயே வியன்னாவில் ரோகிடான்ஸ்கி என்ற டாக்டர் இதைப் பற்றி எழுதிவிட்டார். 1920-களில் அமெரிக்காவில் சாம்ப்ஸன் என்ற டாக்டர், மாத விலக்கு ரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய் வயிற்றுக்குள் விழுவதால் இது வருகிறது என்று சொன்னார். அப்படிப் பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. நோயோ சிலருக்குத்தான் வருகிறது. ஆகையால் முழுக் காரணமும் இன்னும் பிடிபடவில்லை. தாய்க்கோ அக்காளுக்கோ இருந்தால் பெண்ணுக்கு வரும் வாய்ப்பு அதிகம் என்பது தெரிந்திருக்கிறது. மலைக் குளிரோ, பாரம் தூக்குவதோ, கண் திருஷ்டியோ, தீட்டு நாளில் ஆகாத இடத்தில் கால் வைத்ததோ காரணமல்ல. அந்தப் பெண் செய்த எந்தத் தப்பும் காரணமல்ல.

பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்துக்கு ஒருவருக்கு, உலகம் முழுவதும் சுமார் 19 கோடிப் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்தால் பத்துப் பெண்கள் ஏறிய ஜீப்பில் ஒரு பெண் இந்த நோயோடு மலை ஏறுகிறாள். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கங்களில் தேயிலைத் தோட்டத்து லயங்களிலும், பாலக்காட்டு மாவட்டத்தில் நெல்லியாம்பதி தோட்டங்களிலும், கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளிலும், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கத்து வயல்களிலும் இதே கணக்குத்தான். ஆனால் இந்த ஊர்களில் இந்த நோயின் பெயரைக் கேள்விப்பட்ட குடும்பம் எத்தனை இருக்கும்?

பணக்கார நாடுகளில்கூட வலி தொடங்கியதிலிருந்து நோயின் பெயர் தெரிவதற்குப் பல வருஷங்கள் ஆகிவிடுகின்றன. நாலு வருஷம் முதல் பன்னிரண்டு வருஷம் வரை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. காரணங்களில் முக்கியமானது, சாதாரண ஸ்கேனில் நோய் தெரியாமல் போய்விடுவது. கட்டி இருந்தால் ஸ்கேனில் தெரியும். சிறு சிறு புள்ளிகளாக ஒட்டிக்கொண்டிருந்தால் தெரியாது. "ஸ்கேன் எடுத்தாச்சு, ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்கள் எத்தனையோ பேர். ஒன்றுமில்லை என்பதற்கும் ஸ்கேனில் தெரியவில்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு. அனுபவமுள்ள டாக்டர் வலியின் கதையைக் கேட்டே சந்தேகப்பட்டு மருந்து தொடங்கிவிடுவார். எல்லாருக்கும் வயிற்றில் துளையிட்டுக் குழாய் வழியாகப் பார்க்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

ஆனால் டாக்டர் கேட்பதற்கு அந்தக் கதையை யாராவது சொல்ல வேண்டுமே. தமிழ்ப் பெண்கள் கேரளத்து ஆஸ்பத்திரிகளில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பாஷையைக் குறை சொல்லிப் பயனில்லை. அடிவயிறு என்றால் மலையாளத்திலும் அடிவயிறுதான். மாத விலக்கு என்பதற்கு அவர்கள் மாசமுற என்கிறார்கள். ஒரே ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால் போதும். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லுவதற்கு இருக்கும் கூச்சம்தான் பெரிய தடை. ஓ.பி. சீட்டு வாங்கி, இரண்டு மணி நேரம் க்யூவில் நின்று, டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் "வயித்து வலி" என்று இரண்டே சொற்களைச் சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொள்கிறார்கள். பக்கத்தில் மைத்துனனோ, தம்பியோ மொழிபெயர்க்க நின்றால் அந்த இரண்டு சொல்லும் ஒன்றாகச் சுருங்கிவிடும். டாக்டர் அல்சருக்கு மாத்திரை எழுதுகிறார். அடுத்த மாதமும் அல்சர் மாத்திரைதான். கூட்டம் நிறைந்த ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு மூன்று நிமிஷம் கிடைத்தால் அதிகம். அந்த மூன்று நிமிஷத்தில் சொல்லாததை டாக்டர் ஜோசியம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

சொல்ல வேண்டியவை அதிகமில்லை. வலி மாத விலக்கோடு சேர்ந்து வருகிறதா, அதற்கு முன்பே தொடங்கி விடுகிறதா. எத்தனை நாள் நீடிக்கிறது. அந்த நாட்களில் மலம் கழிக்கும்போதோ சிறுநீர் கழிக்கும்போதோ வலிக்கிறதா. தாம்பத்திய உறவின்போது உள்ளே வலிக்கிறதா. பிள்ளை உண்டாவதில் தாமதம் இருக்கிறதா. எந்த மாத்திரை, எத்தனை போட்டார்கள், கேட்டதா. எத்தனை நாள் வேலைக்குப் போக முடியவில்லை. இவற்றில் மலம் கழிக்கும்போது வரும் வலியும் உறவின்போது வரும் வலியும் மிக முக்கியமான தடயங்கள். இவை இரண்டையும்தான் எந்தப் பெண்ணும் வெளியே சொல்லமாட்டாள். எல்லாத் தமிழ் வீட்டிலும் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. மாத விலக்கு வந்த தேதிக்கு ஒரு வட்டம், வலித்த நாளுக்கு ஒரு கோடு, வேலைக்குப் போகாத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி என்று போட்டு, தாளைக் கிழித்து எறியாமல் மூன்று மாதம் சேர்த்து வைத்து டாக்டரிடம் காட்டினால், வாய் பேசாத பெண்ணுக்கும் அந்தத் தாள்கள் பேசிவிடும்.

மருந்து விஷயத்துக்கு வருவோம். இந்த நோயை வேரோடு பிடுங்கி எறியும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் அடக்கி வைக்க முடியும். பல பெண்கள் வலியின்றி வேலை செய்து, பிள்ளை பெற்று வாழ்கிறார்கள். முதலில் வலி மாத்திரைகள். மெபனமிக் ஆசிட், ஐபுபுரூபன் போன்றவை. இவற்றை வலி உச்சிக்கு ஏறிய பிறகு போடுவதைவிட வலி தொடங்கும்போதே, டாக்டர் சொன்ன அளவில், சாப்பாட்டோடு போட்டால்தான் நன்றாகக் கேட்கும். அதிகாலை நாலு மணிக்கு வெறும் வயிற்றில் கட்டங்காப்பியோடு இரண்டு மாத்திரை விழுங்கிவிட்டு ஜீப் ஏறும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது வயிற்றைப் புண்ணாக்கும். சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, அல்சர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. 2019-ம் ஆண்டில் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் சிலவற்றில் மாத விலக்கு வலிக்கு, பெயரும் தேதியும் இல்லாத மாத்திரைகளை மேற்பார்வையாளர்களே பெண்களுக்குக் கொடுத்து வேலை வாங்கியதாக ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் விசாரித்து எழுதியபோது நாடே அதிர்ந்தது. பெட்டிக்கடையில் துண்டு துண்டாகக் கிழித்துக் கொடுக்கும் மாத்திரையும் அதற்குச் சளைத்ததல்ல.

அடுத்தது ஹார்மோன் மாத்திரைகள். மாத விலக்கையே குறைத்தோ நிறுத்தியோ வைத்து, வெளியே முளைத்த சவ்வுக்கு ஓய்வு கொடுப்பது இவற்றின் வேலை. குடும்பக் கட்டுப்பாட்டுக்குக் கொடுக்கும் அதே மாத்திரைகள் இதற்கும் பயன்படுகின்றன. டயனோஜெஸ்ட் என்று இதற்கென்றே வரும் மாத்திரையும் உண்டு. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப்பும் உண்டு. இங்கேதான் வீட்டில் கலகம் தொடங்குகிறது. பதினெட்டு வயதுக் கல்யாணமாகாத பெண்ணுக்கு டாக்டர் இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தால், மருந்துக் கடைக்காரர் ஒரு பார்வை பார்ப்பார்; அட்டையைப் பார்த்த அத்தை ஊரெல்லாம் சொல்லிவிடுவார். ஒரே மருந்து இரண்டு வேலைக்கு உதவும் என்பது அதிசயமா? ஜலதோஷத்துக்கும் ரசத்துக்கும் ஒரே மிளகுதான். இந்த மாத்திரையால் பெண் மலடாகிவிடுவாள் என்பதும் தப்பு. நிறுத்தினால் மாத விலக்கு திரும்பிவிடும். ரத்த அழுத்தம் கூடியவர்களுக்கும், ரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்களுக்கும் சில வகை மாத்திரைகள் ஆகாது. அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

மருந்துக்கு அடங்காதபோது, அல்லது கட்டி பெரிதாக இருந்தால், அல்லது பிள்ளை வேண்டும் என்றால், வயிற்றில் சிறு துளைகள் இட்டுக் கருவி மூலம் அந்தச் சவ்வை அகற்றும் ஆபரேஷன் உண்டு. அதற்குப் பிறகும் சிலருக்குத் திரும்ப வருவதுண்டு என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் செலவழித்த பணத்தை நினைத்து அந்தப் பெண்ணையே குற்றம் சொல்வார்கள்.

"கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்", "ஒரு பிள்ளை பிறந்தால் போய்விடும்" என்று சொல்லாத கிழவி இல்லை. சில டாக்டர்களும் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் வேதனை. கர்ப்பமாக இருக்கும் மாதங்களில் மாத விலக்கு இல்லாததால் வலி குறைந்து இருக்கலாம். நோய் போய்விட்டதாக அதற்கு அர்த்தமில்லை. பிறகு திரும்பி வந்தால்? அதைவிட மோசமானது, இந்த நோயே பலருக்குப் பிள்ளை உண்டாவதைத் தாமதப்படுத்துகிறது. வலிக்கு மருந்தாகப் பிள்ளையைச் சொன்னவர்களே, பிள்ளை வராதபோது அவளை மலடி என்கிறார்கள். பிள்ளை இல்லாத வீட்டில் கணவனும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதைத் தோட்டங்களில் இன்னும் எத்தனை காலம் ரகசியமாகச் சொல்லிக்கொண்டிருப்பது?

எல்லாவற்றிலும் ஆபத்தான யோசனை ஒன்று இருக்கிறது. "இரண்டு பிள்ளை ஆயிற்றே, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது" என்பது. மகாராஷ்டிர மாநிலம் பீட் மாவட்டத்தில் நடந்ததை இங்குள்ள தோட்டத் தொழிலாளர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கிருந்து வருஷா வருஷம் குடும்பம் குடும்பமாகக் கரும்பு வெட்டப் போகிறவர்கள் புருஷனும் பெண்சாதியும் ஒரு ஜோடியாகக் கணக்கெழுதி முன்பணம் வாங்குகிறவர்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் கூலி போவதோடு அபராதமும் கட்ட வேண்டும். மாத விலக்கு வலியும் வெள்ளைப்படுதலும் என்று தனியார் ஆஸ்பத்திரிக்குப் போன பெண்களிடம் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொன்னார்கள். 2019-ம் ஆண்டில் அரசு நியமித்த குழு ஆராய்ந்தபோது, கணக்கெடுத்த 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களில் 13 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களுக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. அவர்களில் நாற்பது வயது ஆகாதவர்கள் ஏராளம். ஆபரேஷனுக்கு வாங்கிய கடனை அடைக்க மறுபடி கரும்புக் காட்டுக்குத்தான் போனார்கள்.

கர்ப்பப்பையை எடுத்தாலும் வெளியே முளைத்த சவ்வு வயிற்றிலேயே இருந்தால் வலி இருந்துகொண்டே இருக்கலாம். கூடவே சினைப்பைகளையும் இளவயதில் எடுத்துவிட்டால் எலும்பு தேய்ந்துபோகும், இருதயக் கோளாறு வரும் வாய்ப்பும் கூடும். முதுகில் மூட்டை சுமந்து சரிவில் ஏறி இறங்கும் பெண்ணுக்கு எலும்பைவிட வேறு மூலதனம் ஏது? வேறு வழியே இல்லாத சிலருக்கு இந்த ஆபரேஷன் தேவைப்படத்தான் செய்யும். அது கடைசிப் படி. முதல் நாளே அதைச் சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்து, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டரிடம் கேட்பதே உத்தமம். தேனி, கோவை, கோட்டயம், பாலக்காடு என்று எல்லைக்கு இருபுறமும் அரசு மெடிக்கல் காலேஜ்கள் இருக்கின்றன. இடுக்கியிலும் ஒன்று 2022-ல் மறுபடி மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது.

இனிக் கூலிக் கணக்கு. நோயைவிட இதுதான் பல பெண்களை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுக்கிறது.

கஞ்சிக்கோட்டில் மில்லிலும் கம்பெனியிலும் வேலை செய்யும் பெண்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. நூறு ரூபாய்ச் சம்பளத்துக்கு முக்கால் ரூபாய் அவர்கள் பங்காகப் பிடிக்கப்படுகிறது. நோய்வாய்ப்பட்டால் டாக்டர் சான்றின் பேரில் சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது வீதம், வருஷத்தில் 91 நாள் வரை கிடைக்கும் என்று 1948-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏற்பாடு. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 49-ம் பிரிவு, நோயின் முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் இல்லை என்றது. முந்தைய நோய்க்கும் இதற்கும் இடையில் பதினைந்து நாட்களுக்குள் இருந்தால் மட்டும் அந்த இரண்டு நாள் வெட்டு கிடையாது.

இதை எழுதியவர்கள் காய்ச்சலையும் டைபாய்டையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். மாத விலக்கு வலி வருவது ஏறக்குறைய இருபத்தெட்டு நாளுக்கு ஒரு முறை. பதினைந்து நாள் சலுகைக்குள் அது ஒருபோதும் விழாது. வலி இருப்பதோ இரண்டு மூன்று நாள். இரண்டு நாள் என்றால் ஒரு பைசா கிடையாது. மூன்று நாள் என்றால் ஒரு நாளுக்கு மட்டும் எழுபது வீதம். வருஷத்துக்கு 36 நாள் படுத்த பெண்ணுக்குக் கிடைப்பது பன்னிரண்டு நாளின் எழுபது வீதம், அதாவது எட்டரை நாள் கூலிக்கும் குறைவு. அதற்கும் மாதாமாதம் வலியோடு டிஸ்பென்சரி க்யூவில் நின்று சான்று வாங்க வேண்டும். எந்தப் பெண் வாங்குவாள்? மாத்திரையை விழுங்கிவிட்டு ஷிப்டுக்குப் போய்விடுவாள். பழைய சட்டத்தை 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் தன்னுள் சேர்த்துக்கொண்டது. அதன் கீழ் விதிகளை எழுதுகிறவர்களும் திருத்துகிறவர்களும், டாக்டர் ஒருமுறை இந்த நோய் என்று உறுதி செய்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாள் வெட்டு கிடையாது, ஒரே சான்று ஆறு மாதத்துக்குச் செல்லும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இதற்காக கஜானா காலியாகிவிடாது.

பெரிய தேயிலைத் தோட்டங்களில் 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஆஸ்பத்திரியையும் நோய்ப்படியையும் கட்டாயமாக்கியது. ஆனால் அந்தச் சட்டம் ஐந்து ஹெக்டேருக்குக் குறையாத, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டங்களுக்குத்தான். நெடுங்கண்டம், சாந்தன்பாறை, பூப்பாறை பக்கத்துச் சிறிய ஏலக்காட்டில் இன்று ஒரு முதலாளி, நாளை ஒரு முதலாளி என்று ஜீப்பில் வந்து போகும் பெண்ணுக்கு அது எட்டவே இல்லை. அவளுக்கு வராத நாள் கூலியில்லாத நாள், அவ்வளவுதான் சட்டம். நாள் முழுவதும் ஒதுங்குவதற்கு ஒரு மறைவிடம் இல்லை. துணி மாற்ற ஏலச்செடி மறைவுதான். தண்ணீர் குடித்தால் ஒதுங்க வேண்டுமே என்று குடிக்காமலே இருந்துவிடும் பெண்ணுக்கு இந்த நோயோடு மூத்திரக் கடுப்பும் சேர்ந்துகொள்கிறது.

மாத விலக்கு நாட்களில் லீவு என்ற பேச்சு இப்போது பல இடங்களில் அடிபடுகிறது. பீகாரில் 1992-லேயே அரசு ஊழியப் பெண்களுக்கு மாதம் இரண்டு நாள் கொடுத்தார்கள். கேரளத்தில் 2023-ல் பல்கலைக்கழக மாணவிகளுக்கு வருகை நாள் கணக்கு 75 வீதத்திலிருந்து 73 ஆகத் தளர்த்தப்பட்டது. கர்நாடகம் 2025-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு வருஷம் பன்னிரண்டு நாள் என்று அறிவித்தது. லீவைக் கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கே எடுக்கமாட்டார்கள் என்ற கவலையை 2024-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிற்று. ஆபீஸ் உத்தியோகத்துக்கு எப்படியோ, ஏலக்காட்டில் இந்தக் கவலை பொய்யல்ல. நாள் கூலிக்கு ஆள் எடுக்கிறவர் லீவு கேட்கும் பெண்ணை மறுநாள் ஜீப்பில் ஏற்றவே மாட்டார். ஆகவே அங்கே முதலில் கேட்க வேண்டியது வேறு: மறைவான ஒரு கழிப்பிடம், வலி நாளில் சரிவில் ஏறாமல் ஸ்டோரில் உட்கார்ந்து காய் பிரிக்கும் வேலை, ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்குச் சீட்டைக் காட்டினால் பாதிக் கூலியாவது. மூன்றும் முதலாளிக்குப் பெரிய செலவு வைப்பவை அல்ல.

கேட்பதற்கு ஆள் இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. 2015-ம் ஆண்டு செப்டம்பரில் மூணாறு ரோட்டில் உட்கார்ந்து, ஆண்கள் நடத்திய யூனியன்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, இருபது வீதம் போனஸை வாங்கிக் காட்டியவர்கள் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள்தான். பெண்கள் ஒற்றுமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்த வருஷமே 232 ரூபாயாக இருந்த தினக்கூலி 301 ரூபாய் ஆயிற்று. கூலிக்கும் போனஸுக்கும் கூச்சப்படாமல் கோஷம் போட்டவர்கள் அடிவயிற்று வலிக்கு மட்டும் கூச்சப்படுவானேன்? யூனியன் கமிட்டிக் கூட்டங்களில் இந்தப் பேச்சை எடுத்தால் ஆண் உறுப்பினர்கள் செருமிக்கொண்டு எழுந்து டீ குடிக்கப் போவார்கள். போகட்டும், திரும்பி வரும்போது தீர்மானம் தயாராக இருக்க வேண்டும்.

சம்பளத்தை வாங்கிச் செலவழிப்பவர், ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவர் பல வீடுகளில் இன்னும் ஆண்தான். பாலக்காட்டிலும் எல்லை ஊர்களிலும் ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பவர்கள், படித்தவர்கள், இந்த நோயின் பெயரைத் தங்கள் வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம். பள்ளிக்கூடம் போகும் பெண் மாதாமாதம் இரண்டு நாள் லீவு எடுக்கிறாள் என்றால் டீச்சருக்கு லீவு லெட்டர் எழுதுவதோடு நிறுத்தாமல், பக்கத்து ஆரோக்கிய மையத்து நர்ஸிடமாவது கூட்டிப்போகலாம். பல பெண்களுக்கு இந்த வலி வயதுக்கு வந்த ஒன்றிரண்டு வருஷத்திலேயே தொடங்கிவிடுகிறது. அப்போதே மருந்து தொடங்கினால் பின்னால் வரும் எத்தனையோ வருஷங்கள் தப்பும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். அடிவயிற்று வலி எல்லாம் இந்த நோயல்ல. கர்ப்பப்பைக் கட்டி, கிருமித் தொற்று, கர்ப்பப்பையைத் தாக்கும் காசநோய் என்று வேறு காரணங்களும் உண்டு. மாத விலக்கு தள்ளிப்போய்த் திடீரென்று ஒரு பக்கம் கடும் வலி வந்து மயக்கம் வந்தால், அல்லது வலியோடு காய்ச்சல் அடித்தால், காலண்டரில் கோடு போட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கர்ப்பம் குழாயில் தங்கி வெடிப்பது உயிருக்கே ஆபத்து.

எல்லைக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து வாழ்கிறவர்களுக்குக் காகிதத் தொல்லையும் உண்டு. கேரளத்து ரேஷன் கார்டு உள்ள குடும்பத்துக்குக் கேரளத்து இன்ஷூரன்ஸ் திட்டம். தமிழ்நாட்டுக் கார்டு உள்ளவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். எந்த மாநிலத்துக் கார்டோ அதைப் பார்த்து ஆஸ்பத்திரியை முடிவு செய்துகொண்டால் ஆபரேஷன் வரும்போது அலைய வேண்டாம். இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனை அந்தப் பக்கத்து டாக்டர் கேட்பார். சீட்டு, ஸ்கேன் படம், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்தால், மூணாற்றிலிருந்து தேனிக்குப் போனாலும் வாளையாரைத் தாண்டிக் கோவைக்குப் போனாலும் ஆரம்பத்திலிருந்து மறுபடி எல்லாப் பரிசோதனைகளும் செய்ய வேண்டிவராது. அந்தப் பையில் காலண்டர் தாள்களும் இருக்கட்டும். யூனியன்களும் தமிழ்ச் சங்கங்களும் டாக்டரிடம் சொல்ல வேண்டிய ஏழெட்டு விஷயங்களை ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் மலையாளத்திலும் அச்சிட்டு, ஆமாம் இல்லை என்று டிக் அடிக்கும்படி ஒரு துண்டுச் சீட்டு தயாரித்து, மஸ்டர் ஆபீசிலும் ஜீப் ஸ்டாண்டிலும் கொடுக்கலாம். ஆயிரம் சீட்டு அடிக்க ஆகும் செலவு ஒரு பொதுக்கூட்டத்து மைக் வாடகையைவிடக் கொஞ்சம் அதிகம் இருக்கலாம்.